இரண்டு கொள்கலன் உயரம், பதினொரு கிலோ இதயம்: ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொள்வது எப்படி?

பாசிர் கூடாங் மாணவர்களுக்குக் கொள்கலன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பேருந்துக்கு முன்னும் பின்னும் அவற்றைச் சுமந்த லோரிகள்தாம் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றுள் சற்றே உயரமான ‘ஹை கியூப்’ வகைக் கொள்கலனின் உயரம் 9 அடி 6 அங்குலம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கினால் சரியாக 19 அடி வரும்.

இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்காவில் வாழ்ந்த ஜார்ஜ் என்ற ஒட்டகச்சிவிங்கியின் உயரமும் ஏறக்குறைய அதே 19 அடிதான். உலகில் இதுவரை பதிவானவற்றுள் மிக உயரமானது என்று பேசப்படும் விலங்கு அது.

இப்படி ஒரு விலங்கு உங்கள் தாமானுக்கு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? ஒற்றைமாடி வீடென்றால், கூரைக்கு மேலே தலையை நீட்டிப் பின்வீட்டுக் கொய்யா மரத்தை அது பார்த்துக்கொண்டிருக்கும். எங்கே படுக்க வைப்பது, என்ன கொடுப்பது, காய்ச்சல் வந்தால் யார் ஏணி வைத்து ஏறுவது? கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், உலகின் பல மூலைகளில் மனிதர்கள் உண்மையாகவே விடை தேடிய கேள்விகள் இவை.

பெயரிலேயே இரண்டு விலங்குகள்

முதலில் பெயரைப் பார்ப்போம். ஒட்டகம் போன்ற உடல், சிவிங்கி போன்ற புள்ளிகள். இரண்டும் சேர்ந்து ‘ஒட்டகச்சிவிங்கி’ ஆனது. அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘கேமலோபார்டாலிஸ்’ என்ற சொல்லும் இதே கற்பனைதான்: ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்தது. மலாய் மொழியின் ‘சிராஃபா’ அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

ஆப்பிரிக்காவைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத இந்த விலங்கு, நம் பக்கத்துக் கடல்வழியாகவும் பயணம் செய்திருக்கிறது. 1414ஆம் ஆண்டு வங்காள சுல்தான் சீனப் பேரரசர் யோங்லேவுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பரிசாக அனுப்பினார். அடுத்த ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிண்டியிலிருந்து மற்றொன்று சென்றது. அது தளபதி செங் ஹோவின் கப்பற்படை மலாக்காவைத் தங்குமிடமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் வலம் வந்த காலம். அந்தக் கடலிலிருந்து சீனாவுக்கு வழக்கமான வழி மலாக்கா நீரிணைதான். சீன மக்கள் அதைத் தங்கள் புராணங்களில் வரும் ‘கிலின்’ என்ற மங்கல விலங்கு என்றே கொண்டாடினார்கள். அதற்கும் முன்பே, 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒடிசாவின் கோனார்க் சூரியக் கோவிலில் ஒட்டகச்சிவிங்கியின் சிற்பம் இடம்பெற்றுவிட்டது.

வியந்து பார்ப்பதும் பரிசாகக் கொடுப்பதும் எளிது. பார்த்துக்கொள்வதுதான் கடினம். ஏன் என்று தெரிய, அதன் உடலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உயரமே வரம், உயரமே பாரம்

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்? உயிரியல் படிக்கும் மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள்: ஏழு. நமக்கும் ஏழுதான். அதன் ஒவ்வோர் எலும்பும் மிக நீளமானது, அவ்வளவுதான் வேறுபாடு.

தலை அவ்வளவு மேலே இருப்பதால், அங்கு இரத்தத்தை ஏற்றிவிட வலுவான இதயம் வேண்டும். அந்த இதயத்தின் எடை சுமார் 11 கிலோ. இரத்த அழுத்தம் மனிதர்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருத்துவமனையில் நமக்கு அந்த எண் வந்தால் உடனே கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள். அதற்கோ அது இயல்பு.

தண்ணீர் குடிக்கக் குனியும்போது அத்தனை இரத்தமும் தலைக்குப் பாய்ந்துவிடக் கூடாதல்லவா? கழுத்து நரம்புக் குழாய்களில் உள்ள தடுப்பிதழ்களும், மூளைக்கு அடியில் வலைபோல் பின்னியிருக்கும் நுண்குழாய்களும் அதைச் சமாளிக்கின்றன. கால்களில் இரத்தம் தேங்காதபடி, தோல் இறுக்கமான காலுறையைப் போலப் பற்றிக்கொண்டிருக்கிறது.

இத்தனை நேர்த்தியான உடலில் கை வைக்க மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். பெரும்பாலான விலங்குகளை மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்துச் சிகிச்சை செய்யலாம். ஒட்டகச்சிவிங்கியை மயக்கினால், அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது கால் முறியலாம், கழுத்து மடங்கலாம். அது மாட்டைப் போல் அசைபோடும் விலங்கு என்பதால், இரைப்பையிலுள்ள உணவு மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

அதனால் ஆப்பிரிக்கக் காடுகளில் ஒட்டகச்சிவிங்கியைப் பிடிக்கும் குழுவினர் ஒரு விசித்திரமான வழியைக் கையாள்கிறார்கள். மருந்து ஊசி பட்டு அது தரையில் சாய்ந்ததும், உடனே மாற்று மருந்தைக் கொடுத்து மயக்கத்தைத் தெளிவித்துவிடுகிறார்கள். அது எழுவதற்குள் சிலர் கழுத்தின்மேல் அமர்ந்து தலையை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணையும் காதையும் மூடுவார்கள். பிறகு கயிறு கட்டி, முழு விழிப்போடு இருக்கும் விலங்கை வண்டிவரை நடத்திச் செல்வார்கள். தலை தரையில் இருக்கும்வரை அதனால் எழ முடியாது என்ற ஒரே ஒரு பாடத்தை நம்பிச் செய்யும் வேலை இது.

கூரையைத் தொட்ட ஜார்ஜ், கோலுக்கு வராத ஃபாரஸ்ட்

ஜார்ஜுக்கு வருவோம். அது கென்யாவிலிருந்து 1959ஆம் ஆண்டு ஜனவரியில் செஸ்டருக்கு வந்த மசாய் வகை ஆண். பூங்காவில் அதற்கான வீட்டின் உயரம் 20 அடி. வளர்ந்த ஜார்ஜின் கொம்புகள் அந்தக் கூரையை உரசாத குறைதான். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது இறந்தது.

இன்று உயிரோடிருப்பவற்றுள் மிக உயரமானது என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது, ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ‘ஆஸ்திரேலியா சூ’ பூங்காவில் வாழும் ஃபாரஸ்ட். 2007இல் பிறந்த ஆண் விலங்கு. உயரம் 5.7 மீட்டர், அதாவது 18 அடி 8 அங்குலம். நம் இரண்டு ஹை கியூப் கொள்கலன்களைவிட நான்கே அங்குலம் குறைவு.

அதன் உயரத்தை அளந்த கதையே சுவையானது. ‘கொஞ்சம் நேராக நில்லப்பா’ என்று அதனிடம் சொல்ல முடியுமா? உயரமான அளவுகோல் ஒன்றைத் தனியாகச் செய்து நிறுத்தினார்கள். அது தானாக வந்து, சரியான இடத்தில், தலையைச் சரியாகத் தூக்கி நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்தார்கள். சரியான அளவு கிடைக்கப் பல மாதக் காணொளிப் பதிவுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி அந்த அளவு உறுதி செய்யப்பட்டது.

விலங்கைப் பிடித்து அளக்காமல், விலங்கு வரும்வரை காத்திருந்தார்கள் பாருங்கள், பராமரிப்பின் முதல் பாடம் அதுதான். இன்று பல பூங்காக்களில் குளம்பு வெட்டுவதும் இரத்தம் எடுப்பதும் இப்படித்தான் நடக்கின்றன. காலைத் தூக்கிக் கட்டையின்மேல் வைத்தால் ஒரு துண்டு தீனி. பிடிக்கவில்லை என்றால் அது நகர்ந்து போகலாம். நாளை மறுபடியும் முயல்வார்கள்.

மாடியில் குடியிருந்த பராமரிப்பாளர்

ஒரு பராமரிப்பாளர் எவ்வளவு தூரம் இறங்கி வரலாம் என்று கேட்டால், ‘எவ்வளவு உயரம் ஏறலாம்’ என்று திருப்பிக் கேட்பார் ஆத்திர்.

1826ஆம் ஆண்டு எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி, பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லசுக்கு ஒரு பெண் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். பிற்காலத்தில் அதற்கு ‘ஜராஃபா’ என்ற பெயர் நிலைத்தது. கப்பலில் அது நிற்க இடம் போதவில்லை. மேல்தளத்தில் ஒரு துளை வெட்டினார்கள். உடல் கீழ்த்தளத்தில், கழுத்து மேல்தளத்தில் என்று மத்தியதரைக் கடலைக் கடந்தது ஜராஃபா. பால் கொடுக்க மாடுகளும் கூடவே பயணம் செய்தன.

மார்செய் துறைமுகத்திலிருந்து பாரிஸ் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். மறுபடியும் கப்பல் வேண்டாம், நடந்தே போகட்டும் என்று முடிவானது. 1827ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி புறப்பட்ட ஊர்வலத்தில் புகழ்பெற்ற விலங்கியல் அறிஞர் எத்தியேன் ஜொஃப்ருவா சாந்திலேர் உடன் நடந்தார். அப்போது அவருக்கு வயது 55. மழையில் நனையாதிருக்க விலங்குக்கு ஓர் அங்கி தைத்துப் போட்டிருந்தார்கள். 41 நாள் நடைக்குப் பிறகு ஜூன் 30ஆம் தேதி பாரிஸ் வந்து சேர்ந்தார்கள்.

அதன் பராமரிப்பாளர்தான் ஆத்திர். பாரிஸில் விலங்கின் கொட்டகைக்குள்ளேயே, அதன் தலை உயரத்தில் ஒரு பரண் அமைத்து அங்கேயே தங்கினார். ஏணியில் ஏறித்தான் தன் படுக்கைக்குப் போவார். அங்கிருந்தபடியே அதற்குத் தேய்த்துவிடுவார். ஜராஃபா 1845ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. பிறந்த நாட்டைவிட்டு அவ்வளவு தூரம் கொண்டுவரப்பட்ட விலங்கு அத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததில், ஏணியில் ஏறி இறங்கிய அந்த மனிதருக்கும் பங்கு உண்டு.

மிதக்கும் தெப்பத்தில் ஒன்பது ஒட்டகச்சிவிங்கிகள்

இதுவரை பார்த்தவை மனிதர்களிடம் வந்த விலங்குகள். இனி, தன் இடத்திலேயே ஆபத்தில் சிக்கிய காட்டு ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்ப்போம். துறைமுக நகரத்துப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகப் பிடிக்கும்.

கென்யாவில் பாரிங்கோ என்றொரு ஏரி. அதன் கரையில் வாழும் போகோட், இல் சாமுஸ் ஆகிய இரு சமூகங்களுக்கிடையே நீண்ட நாள் பகை இருந்தது. பிறகு இருவரும் சேர்ந்து ‘ருகோ’ என்ற பாதுகாப்புப் பகுதியை உருவாக்கினார்கள். 2011ஆம் ஆண்டு அழிந்துவரும் ரோத்ஸ்சைல்டு வகை ஒட்டகச்சிவிங்கிகள் ஏரிக்குள் நீண்டிருந்த நிலப்பகுதியில் விடப்பட்டன. சண்டையிட்டவர்கள் ஒன்றாக நின்று காவல் காக்கத் தொடங்கினார்கள்.

சில ஆண்டுகளில் ஏரி நீர் உயரத் தொடங்கியது. நிலத்தோடு ஒட்டியிருந்த பகுதி தீவாகத் துண்டிக்கப்பட்டது. மேயும் இடம் நாளுக்கு நாள் சுருங்கியது. காவலர்கள் படகில் தீனி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் எவ்வளவு நாளைக்கு?

உள்ளூர் மக்களே ஓர் இரும்புத் தெப்பத்தைச் செய்தார்கள். அடியில் 60 காலி உருளைத் தொட்டிகள். நான்கு பக்கமும் விலங்கு தாண்டிக் குதித்துவிடாதபடி உயரமான தடுப்பு. ஒட்டகச்சிவிங்கிகள் அதற்குப் பழகும்படி, தெப்பத்தில் தீனி வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, அசிவா என்ற பெண் ஒட்டகச்சிவிங்கி முதலாவதாக ஏரியைக் கடந்தது. சின்னப் படகுகள் தெப்பத்தை மெதுவாகத் தள்ளிச் செல்ல, தண்ணீருக்கு மேலே நீண்ட கழுத்து ஒன்று நகர்ந்து போவதை உலகமே படத்தில் பார்த்தது. கவனித்தீர்களா? ஆஸ்திரேலியாவில் ஃபாரஸ்ட்டின் உயரம் உறுதியானதற்குச் சரியாக இரண்டு நாள் முன்பு! ஒன்று சாதனைப் புத்தகத்துக்குள் போனது, இன்னொன்று உயிர் பிழைத்தது.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி கடைசியாகக் கரையேறியவை ஒரு தாயும் அதன் குட்டியும். அந்தக் குட்டி, மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதே தீவில் பிறந்தது. மொத்தம் ஒன்பது. எல்லாமே 4,400 ஏக்கர் காப்பகத்தில் விடப்பட்டன. தெப்பத்தைப் பற்றவைத்தவர்கள், கயிறு பிடித்தவர்கள், படகோட்டியவர்கள், மருத்துவர்கள் என இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அது நடந்திருக்காது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை

அக்கறை இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா அருகே நெடுஞ்சாலையில் திறந்த லோரி ஒன்றில் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளை ஏற்றிச் சென்றார்கள். சாலைக்கு மேலே இருந்த பாலத்தில் ஒன்றின் தலை மோதியது. அது இறந்துபோனது. கொள்கலன் ஏற்றுகிறவர்கள் பாலத்தின் உயரத்தைப் பார்க்காமல் புறப்படுவார்களா?

அதே ஆண்டு பிப்ரவரியில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பூங்கா, மாரியஸ் என்ற நல்ல உடல்நலமுள்ள இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றது. நெருங்கிய உறவு மரபணுக்கள் கலந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. வளர்க்கத் தொடங்கும்போதே ‘கடைசிவரை என்ன செய்யப்போகிறோம்?’ என்று கேட்டிருக்க வேண்டுமா, வேண்டாமா? உங்கள் வகுப்பில் விவாதிக்கத் தக்க கேள்வி.

காட்டிலும் நிலைமை நிம்மதியாக இல்லை. 1985இல் 150,000க்கும் மேல் இருந்த ஒட்டகச்சிவிங்கிகள், 2015இல் 100,000க்கும் கீழே குறைந்தன. வாழிடம் சுருங்குவது, வேட்டை, போர் ஆகியவை காரணங்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016இல் அவற்றை ‘பாதிக்கப்படக்கூடிய’ விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. 2025ஆம் ஆண்டு, ஒட்டகச்சிவிங்கி ஒரே இனமல்ல, நான்கு தனி இனங்கள் என்று அச்சங்கம் ஏற்றுக்கொண்டது. ஒரே இனம் என்று நினைத்தபோது பெரிதாகத் தெரிந்த எண்ணிக்கையை, இப்போது நான்காகப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

மருத்துவர் மட்டும் போதாது

2022ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, அமெரிக்காவின் சான் டியேகோ சஃபாரி பூங்காவில் ஒரு பெண் குட்டி பிறந்தது. பெயர் முசிதுனி. அதன் முன்னங்கால்கள் பின்பக்கமாக வளைந்திருந்தன. அப்படியே விட்டால் நிற்க முடியாது. நிற்க முடியாத ஒட்டகச்சிவிங்கி பிழைக்காது.

பூங்கா மருத்துவர்கள், மனிதர்களுக்குச் செயற்கை உறுப்பும் கால் தாங்கிகளும் செய்யும் நிபுணர் ஒருவரை அழைத்தார்கள். அதுவரை அவர் ஒரு விலங்குக்குக்கூடத் தாங்கி செய்ததில்லை. காலின் அச்சை எடுத்து, கரிமநார்த் தாங்கிகள் செய்தார். அவற்றில் ஒட்டகச்சிவிங்கியின் புள்ளிக் கோலத்தையும் பதித்துவிட்டார்! குட்டியின் கால்கள் நேராகின. அது தன் கூட்டத்தோடு சேர்ந்தது.

மாணவர்களே, இந்தக் கட்டுரை உங்களிடம் சொல்ல வரும் செய்தி இதுதான். விலங்குகளைக் காப்பாற்றும் வேலை என்றவுடன் ‘கால்நடை மருத்துவம் கிடைத்தால்தான்’ என்று பலர் நினைக்கிறோம். அந்தப் பாதை நல்லதுதான். மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பு உண்டு. மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் உண்டு. எஸ்.பி.எம்.மில் அறிவியல் பாடங்களில் வலுவாக இருந்து, எஸ்.டி.பி.எம் அல்லது மெட்ரிகுலேசன் வழியாக முயலலாம்.

ஆனால் பாரிங்கோ தெப்பத்துக்குத் தேவைப்பட்டது இரும்பு வேலை. ஃபாரஸ்ட்டை அளக்கத் தேவைப்பட்டது வடிவமைப்பு. முசிதுனிக்குத் தேவைப்பட்டது தாங்கி செய்யும் கை. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் அன்றாடம் நடப்பவை இவைபோன்ற வேலைகள்தாமே! திவெட் பிரிவில் பற்றவைப்பு படிக்கும் மாணவரும், பாலிடெக்னிக்கில் வடிவமைப்பு படிக்கும் மாணவியும் ‘இது நமக்கில்லை’ என்று ஒதுங்க வேண்டியதில்லை.

ஒட்டகச்சிவிங்கிக்காக ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்பதுமில்லை. நமக்குப் பக்கத்து மாவட்டமான கோத்தா திங்கியின் காடுகளில் யானைகள் வாழ்கின்றன. அவை தோட்டங்களுக்குள்ளும் சாலைகளுக்கும் வந்துவிடுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறையின் யானைப் பிடிப்புக் குழு 1974ஆம் ஆண்டு முதல், பழக்கப்பட்ட யானைகளின் உதவியோடு காட்டு யானைகளைப் பாதுகாப்பான காடுகளுக்கு மாற்றி வருகிறது. அங்கும் அதே கேள்விகள்தாம்: எந்த வழியாகக் கொண்டுபோவது, எந்த வண்டி தாங்கும், போகிற இடத்தில் தீனி உண்டா, அங்குள்ள மக்கள் என்ன சொல்வார்கள்?

அடுத்த முறை பெற்றோரோடு விலங்கியல் பூங்காவுக்குப் போகும்போது, ஒட்டகச்சிவிங்கியோடு தற்படம் எடுத்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். தரை வழுக்குகிறதா, தீனி அதன் தலை உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா, குளம்புகள் அளவாக இருக்கின்றனவா, வெயிலுக்கு ஒதுங்க நிழல் உண்டா என்று பாருங்கள். கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டு பராமரிப்பாளரிடம் கேளுங்கள். அவரிடமும் சொல்வதற்கு ஓர் ஏணிக்கதை இருக்கும்.